சட்டைக் கையில் மஞ்சள் கறை

சலவைக் கடையில் அவளுக்குப் பெயர் சி.ஐ.டி. முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். இஸ்திரி போடுகிறவன் மட்டும் "சி.ஐ.டி. அக்கா" என்று வாய் தவறிச் சொன்னவன்போல நாக்கைக் கடித்துக்கொள்வான். அவளும் முறைப்பாள். உள்ளுக்குள் அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பிடிக்காமல் என்ன? பதினோரு வருஷமாக அதுதானே வேலை. வருகிற துணியை வாங்கி, உதறி, பைகளைத் துழாவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்ன கறை என்று துண்டுச் சீட்டில் எழுதிக் குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். துணி கொடுப்பவர்கள் சொல்வதை அவள் நம்புவதேயில்லை. பேனா மை கொட்டிவிட்டது என்பார்கள். பார்த்தால் கண்மையாக இருக்கும். ஆபீஸில் விழுந்துவிட்டேன் என்பார்கள். முழங்காலில் புல் பச்சை ஒட்டியிருக்கும். மனுஷன் பொய் சொல்வான், துணி சொல்லாது என்பது அவளுடைய கட்சி.

அவளிடம் ஒரு பிரஷ் இருந்தது. மரக் கைப்பிடி, அடர்ந்த பன்றி முடி. கம்பளித் துணியில் ஒட்டிய நூல், தூசி, வாராவாரம் வருகிற நாய்க்காரர் கோட்டிலிருக்கும் முடி எதுவானாலும் நாலே இழுப்பில் எடுத்துவிடும். கடையில் வைத்தால் கை மாறிவிடும் என்று சாயங்காலம் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். வந்த பிரஷ் வீட்டிலும் சும்மா இருக்காது. காலையில் வாசலில் மகளை நிறுத்தி, பள்ளிக்கூட ஸ்வெட்டரைக் கழுத்திலிருந்து தோள்வரை இழுத்துவிடுவாள். அடுத்து கணவனின் சட்டை. சாயங்காலமானால் பூனை வந்து காலடியில் மல்லாந்து விழும். அதற்கும் நாலு இழுப்பு.

பூனைக்குப் பெயர் துரை. செம்பட்டை நிறம், சோம்பேறி. மகள் தூக்கிக்கொண்டு நடந்தால் பின்னங்கால்கள் தரையில் இழுபடும். இரண்டாம் வகுப்புப் படிக்கிற அந்தப் பெண்ணுக்கு உலகத்தில் முதல் உறவு துரை, அப்புறம்தான் அப்பா. அம்மா எத்தனையாவது என்று கேட்க அவளுக்குத் துணிச்சல் வந்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மகளின் பிடரியில் ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து தடித்து, நடுவில் தோல் வெளுத்து, வளையலை வைத்து அழுத்தி எடுத்ததுபோல இருந்தது. தோல் டாக்டர் ஒரு பார்வை பார்த்தார்.

"படர்தாமரை. பயப்பட ஒண்ணுமில்ல. வீட்டுல நாய், பூனை ஏதாவது இருக்கா?"

"பூனை இருக்கு டாக்டர்."

"அதுகிட்ட இருந்து வந்திருக்கலாம். அதையும் காட்டி மருந்து குடுங்க. துண்டு, சீப்பு, தலையணை உறை எல்லாம் ஆளுக்குத் தனியா வெச்சுக்குங்க. உடம்புல படற பொருள் எதுலயும் இது ஒட்டிக்கிட்டுக் கிடக்கும்."

இத்தனையும் சொன்னார். அவள் காதில் ஏறியது பூனை என்ற ஒரு சொல்தான். குற்றவாளி கையில் கிடைத்த பிறகு மிச்ச வாக்குமூலம் எதற்கு?

அன்றைக்கே தீர்ப்பும் ஆயிற்று. மகள் துரையைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவள் குனிந்து, கறாராகச் சொன்னாள்:

"நோயைக் கொண்டு வந்தது யாரா இருந்தாலும் வீட்டுல வெச்சுக்க முடியாது. தெரியுதா?"

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். வாயில்லாப் பூச்சி. மனைவி சொன்னால் மறுபேச்சு கிடையாது. மறுநாள் சாயங்காலம் துரையைக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போனவன் இரண்டு மணி நேரம் கழித்து வெறுங்கையோடு வந்தான். "மீன் மார்க்கெட் பக்கம் விட்டுட்டேன். பொழச்சுக்கும்" என்றான். சொல்லும்போது தரையைப் பார்த்தான். மகள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. களிம்பு போட்டதில் பிடரி வட்டம் மங்கி மறைந்தது. விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

முடியவில்லை. கணவனின் சட்டைகள் பேச ஆரம்பித்தன.

அவன் சட்டையில் அவளுக்குத் தெரியாத கறை கிடையாது. கிரீஸ், துரு, கம்பிக் கயிற்றின் கருப்பு எண்ணெய் எல்லாம் பழகின முகங்கள். இது புதுசு. இடது சட்டைக் கையில், முழங்கையை ஒட்டி, திட்டுத் திட்டாக மஞ்சள். மஞ்சள் பொடி இல்லை, பெயிண்ட் இல்லை, பழச்சாறும் இல்லை. முகர்ந்து பார்த்தாள். அழுகின முட்டை நாற்றம். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக, இன்ன கறை என்று எழுத அவளுக்கு வரவில்லை. அவமானமாக இருந்தது.

"என்னங்க இது?"

"லிஃப்ட் குழியில தண்ணி தேங்கிக் கிடக்கு. அந்த நாத்தம்தான்."

குழித் தண்ணீர் காலில்தானே படும்? முழங்கைக்கு எப்படி ஏறியது? அவள் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான் என்று அந்தச் சட்டையைத் துவைக்காமல் மடித்து, பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

பிறகு நாள் குறித்துக் கவனித்தாள். செவ்வாயும் வெள்ளியும் அவன் தாமதமாக வந்தான். செவ்வாயும் வெள்ளியும் சட்டை நாறியது. எந்தக் கட்டடம் என்று கேட்டால், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற நாலு மாடிக் குடியிருப்பு என்றான். வாரம் இரண்டு தடவை ரிப்பேர் ஆகிற லிஃப்டை அவள் கேள்விப்பட்டதில்லை. ஆகிறதென்றால் ஒன்று லிஃப்ட் சரியில்லை, இல்லாவிட்டால் மெக்கானிக் சரியில்லை.

அடுத்த சாட்சி தானாக நடந்து வந்தது. கல்யாண நாளுக்குக்கூட ஒரு கைக்குட்டை வாங்கித் தந்திராத மனுஷன், ஒருநாள் புது பிரஷ் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினான். நல்ல பிரஷ். உசத்தியானதாகவே பார்த்து வாங்கியிருந்தான்.

"பழசு தேஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுடு. இனிமே இதையே வெச்சுக்க."

"தேயவெல்லாம் இல்லையே."

"போட்டுடும்மா. சொன்னா கேளேன்."

அவன் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. தப்பு பண்ணின ஆண்பிள்ளை வீட்டுக்கு ஏதாவது வாங்கி வருவான் என்று கடைக்கு வருகிற பெண்கள் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்! சரி என்று தலையாட்டினாள். பழையதைத் தூக்கிப் போடவில்லை. புதியதைத்தான் செய்தித்தாளில் சுற்றி, மஞ்சள் கறைச் சட்டைக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்தாள். லஞ்சப் பொருளால் என் பிள்ளையின் ஸ்வெட்டரைத் துடைப்பேனா என்று நினைத்துக்கொண்டாள். பழைய பிரஷ் வழக்கம்போலக் கைப்பையில் கடைக்குப் போனது, வீட்டுக்கு வந்தது.

ஒரு வாரத்தில் மகளுக்குப் போட்ட களிம்புக் குழாய் நடுவில் அமுங்கியிருந்தது. அவள் எப்போதும் அடியிலிருந்து பிதுக்குகிறவள். அவன் குளித்துவிட்டு வரும்போது பார்த்தாள். இடது முன்கையின் உள்பக்கம், சிவந்த வட்டம். பூனை போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. இது எங்கிருந்து வந்தது?

சனிக்கிழமை பதில் வந்தது. கடைக்குள் நுழைந்தது மகளின் கணக்கு டீச்சர். நாற்பதை ஒட்டிய வயது, தனியாக இருக்கிறவள், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அந்த நாலு மாடிக் குடியிருப்பில் நாலாவது மாடி. வாராவாரம் துணி போடுவாள். எண்ணி, மடித்து, பட்டியலோடு கொடுப்பாள். அப்படிப்பட்ட பெண்ணின் வெள்ளைச் சட்டையை உதறினதும் அழுகின முட்டை நாற்றம் மூக்கில் ஏறியது. இடது கையில் மஞ்சள் திட்டு.

"டீச்சர், இது என்ன கறை?"

"அது வந்து... ஏதோ மருந்து. போகலேன்னா பரவாயில்லை, விட்டுடுங்க."

கறை போகாவிட்டாலும் பரவாயில்லை என்று சொல்கிற வாடிக்கையாளரை அவள் இதுவரை பார்த்ததில்லை. ரசீதுக்குக் கை நீட்டியபோது டீச்சரின் சட்டைக் கை மேலேறியது. இடது முன்கை. உள்பக்கம். அதே வட்டம்.

டீச்சர் போன பிறகு அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இஸ்திரி போடுகிறவன், "என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" என்றான். பேய் அறைந்திருந்தால் தேவலை என்று தோன்றியது. ஒரே கை, ஒரே இடம், ஒரே நாற்றம். எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் இது செல்லும். இப்படி ஒரு நாற்றத்தைப் பூசிக்கொண்டு என்ன காதல் வேண்டிக் கிடக்கிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. புரியாததை ஒதுக்கி வைத்தாள். துப்பு துலக்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான்.

இதுவரைக்கும்கூட ஒருவேளை பொறுத்திருப்பாள். புதன்கிழமை காலை மகளுக்குத் தலை வாரும்போது தோளில் இன்னொரு வட்டத்தைப் பார்த்தாள். சின்னது, நேற்று முளைத்தது. அந்த வீட்டிலிருந்து இவன் கொண்டுவந்து, தூக்கிக் கொஞ்சி, என் பிள்ளை உடம்பில் ஒட்டியிருக்கிறான். அவன் செய்த துரோகத்தைக்கூட மன்னிக்கலாம். இதை மன்னிக்க முடியாது என்று தீர்மானித்தாள்.

வியாழக்கிழமை பெட்டி கட்டினாள். தனக்கு நாலு, மகளுக்கு ஆறு உடுப்பு, பள்ளிக்கூடப் புத்தகம். அண்ணனுக்குப் போன் போட்டு, "ரெண்டு பேரும் வர்றோம், ஏன்னு கேக்காதே" என்றாள். பெட்டியை வாசல் கதவோரம் நிறுத்தினாள். அது என்ன பெட்டி என்று கணவன் கேட்டான். பழைய துணி, கடைக்கு என்றாள். அவளுக்கும் பொய் சரளமாக வந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டு, ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் ஏறிவிடுவது என்று முடிவு.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொன்னாள். கைப்பையில் பஸ் டிக்கெட், பிரஷ், துவைக்காத சட்டை. பள்ளிக்கூடம் விட்ட நேரம் பார்த்துப் போனாள். குடியிருப்பின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. ரிப்பேர் பலகை எதுவும் இல்லை. பார்த்தாயா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏறவில்லை. அவன் கை பட்ட லிஃப்டில் ஏற மனம் வரவில்லை. மூச்சிரைக்க நாலு மாடியும் படியேறினாள்.

டீச்சர் வீட்டு வாசலிலேயே நாற்றம் வந்தது. உள்ளே தண்ணீர் சத்தம். டீச்சரின் குரல்: "கழுத்தைப் பிடிங்க, கழுத்தை! நழுவுது!" கணவனின் குரல்: "ஆச்சு, ஆச்சு, இன்னும் கொஞ்சம்தான்." வீட்டில் இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு கனிவாகப் பேசி அவள் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. கதவை உள்ளங்கையால் தட்டினாள், தட்டிக்கொண்டேயிருந்தாள்.

கதவைத் திறந்த டீச்சர் முழங்கை வரைக்கும் ரப்பர் கையுறை போட்டிருந்தாள். முன்னால் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டியிருந்தாள். அவளைப் பார்த்ததும் "ஐயோ" என்றாள். அந்த ஐயோவுக்காகத்தான் அவள் காத்திருந்தாள். டீச்சரைத் தள்ளிக்கொண்டு குளியலறைக்குப் போனாள்.

அங்கே அவள் கணவன் வாளிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, உடம்பெல்லாம் ஒட்டிப்போய், பாதியாகச் சுருங்கி, துரை. அவளைப் பார்த்ததும் அது வாயைத் திறந்து ஒரு புகார் சொன்னது.

டீச்சர்தான் ஆரம்பித்தாள்.

"உங்க பொண்ணு கிளாஸ்ல அழுதுகிட்டே இருந்தா. என்னன்னு கேட்டேன். அன்னைக்கு சார் லிஃப்ட் பாக்க வந்தப்போ, பூனைய நான் வெச்சுக்கறேன்னு நான்தான் சொன்னேன். மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய கூடை அப்படியே இங்க வந்துச்சு. கால்நடை டாக்டர் கந்தக மருந்து குடுத்தாங்க. வாரம் ரெண்டு தடவை முக்கி எடுக்கணும். ஒரு ஆள் பத்தாது. முதல்ல கையுறை இல்லாம இடது கையில அணைச்சுப் பிடிச்சோம், ரெண்டு பேருக்கும் ஒட்டிக்கிச்சு."

அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. துணி துவைக்கிற கல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே கோபம் வந்தது.

"எங்கிட்ட சொன்னா என்ன? மென்னு முழுங்கிடுவேனா?"

"சொல்லியிருப்பேன்" என்றான் அவன். "குணமானதும் கொண்டுவந்து நிறுத்தி, சொல்லிடலாம்னு இருந்தேன்."

"அப்போ என் பிள்ளைக்கு இப்ப தோள்ல வந்திருக்கே, அது இந்தப் பூனைகிட்ட இருந்துதானே? நீங்க தூக்கிட்டு வந்தீங்க!"

அவன் நிமிர்ந்தான். "தோள்லயா? எப்போ?"

"புதன்கிழமை பாத்தேன்."

"இருக்க முடியாதே. நான் இங்கேயே கையலம்பி, வேலைச் சட்டையைக் கழட்டிப் பையில சுத்தித்தானே வீட்டுக்குக் கொண்டு வர்றேன். கையில வந்ததுல இருந்து அவளைத் தூக்கறதே இல்ல." அவன் டீச்சரைப் பார்த்தான். டீச்சர் அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் பிடித்துக்கொண்டாள். தொழில் புத்தி எங்கே போகும்?

"என்ன? இன்னும் என்ன மறைக்கிறீங்க ரெண்டு பேரும்?"

"சொல்லிடுங்க சார்" என்றாள் டீச்சர் மெதுவாக.

அவன் துரையைத் துண்டில் சுற்றினான். அதன் காதுக்குப் பின்னால் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்.

"உன் கடைக்கு வாராவாரம் கம்பளிக் கோட் கொண்டுவருவாரே, நாய்க்காரர். அவரை கால்நடை டாக்டர்கிட்ட பாத்தேன். அவர் நாய்க்கு முதுகுல வட்ட வட்டமா முடி கொட்டியிருக்கு. மூணு மாசமாம். துரை வெளியவே போறதில்ல, அதுக்கு எப்படி வந்துதுன்னு டாக்டரம்மா நோண்டி நோண்டிக் கேட்டாங்க. எதால சீவறீங்கன்னு கேட்டாங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் போகாதா என்று ஒரு நிமிஷம் ஏங்கினாள்.

"நாய்க்காரர் கோட்டைத் துடைச்சு, அதே பிரஷ்ஷை வீட்டுக்குக் கொண்டு வந்து..." அவன் முடிக்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவே. 'என் கையாலேயே என் பிள்ளைக்கு வந்துதே'ன்னு சோறு இறங்காது உனக்கு. அதான் சத்தம் போடாம பிரஷ்ஷை மாத்திட்டா போதும்னு நினைச்சேன். புதுசுலதானே இப்ப துடைக்கிறே?"

அவள் கைப்பையைத் திறந்து, பழைய பிரஷ்ஷை எடுத்துக் குளியலறைத் தரையில் வைத்தாள். பன்றி முடிக்கு நடுவில் நாய் முடி, பூனை முடி, மகளின் ஸ்வெட்டர் நூல் எல்லாம் ஒன்றாகச் சிக்கிக் கிடந்தன. அத்தனை பேர் துணியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் இதை ஒருநாளும் பிடித்துப் பார்த்ததில்லை. அவளுக்கு மட்டும் ஏன் வட்டம் வரவில்லை என்பதும் இப்போது தெரிந்தது. அவள் பிடித்திருந்தது கைப்பிடியை.

"புதுசு பீரோவுல இருக்கு" என்றாள். "உங்க மேல சந்தேகப்பட்டு, சாட்சிக்கு வெச்சேன்."

அவன் குனிந்து பூனையின் காலைத் துடைக்க ஆரம்பித்தான். அவன் திட்டியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். டீச்சர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். அதை வாங்கி அவளே பிரஷ்ஷை உள்ளே போட்டு, வாயை இறுக்கிக் கட்டிக் குப்பைக் கூடையில் போட்டாள். நாளைக்கு முதலாளியிடம் சொல்ல வேண்டும். நாய்க்காரர் கோட்டுக்குப் பின்னால் அந்த பிரஷ் எத்தனை கோட்டுகளைத் தொட்டது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பஸ் டிக்கெட்டைக் கிழித்து அந்தப் பைக்குப் பக்கத்திலேயே போட்டாள்.

துரைக்கு இன்னும் ஒரு பரிசோதனை பாக்கி இருந்தது. அது முடிந்ததும் வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்று டீச்சர் சொன்னாள். அவள் கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, பூனையின் நெற்றியை ஒருதரம் தடவினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதுவும் நியாயம்தான் என்று நினைத்தாள்.

இருவரும் வீட்டுக்குத் திரும்பியபோது, பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த மகள் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தாள். சொல்ல வேண்டாம் என்று கணவன் கண்ணால் சாடை காட்டினான். இனிமேல் இந்த வீட்டில் நல்லதுக்காகக்கூட யாரும் எதையும் மறைக்க வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது. மகளை எதிரில் உட்கார வைத்தாள். துரை மார்க்கெட்டில் இல்லை, டீச்சர் வீட்டில் பத்திரமாக இருக்கிறது, சீக்கிரம் வந்துவிடும் என்றாள். மகள் குதித்தாள், அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொள்ளப் போய், அவன் கையிலிருந்த வட்டத்தைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும் கண்ணு. உனக்கு வந்த நோய் துரை கொண்டு வந்தது இல்ல. அம்மாதான் கொண்டு வந்தேன். கடை பிரஷ்ல இருந்து. துரைக்கும் நான்தான் குடுத்தேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். கதவோரம் நிறுத்தியிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அதுக்குத்தான் பெட்டியாம்மா?" என்று கேட்டாள். "அப்பா உன்னை எங்க கொண்டுபோய் விடப்போறாங்க?"